பிளாக்குக்கு ப்ரீமியம் தீம் வாங்கப் போகிறீர்களா? டெமோவில் தெரியாத கணக்குகள் இவை

வலைப்பதிவு தொடங்கலாம் என்று முடிவெடுத்துவிட்டீர்கள். டொமைன் வாங்கியாச்சு, ஹோஸ்டிங் எடுத்தாச்சு, வேர்ட்பிரஸ் நிறுவியாச்சு. அடுத்து தீம். பலருக்கும் ஒரு வாரம் காணாமல் போவது இங்கேதான். டெமோவைத் திறந்தால் பனிமலைப் படம், பெரிய ஆங்கிலத் தலைப்பு, சுற்றிலும் நிறைய வெள்ளை இடம். பார்த்ததுமே பிடித்துப்போகிறது. விலை 59 டாலர். "நல்லாத்தானே இருக்கு, வாங்கிடலாம்" என்று கார்டை எடுக்கிறோம். பிடிக்காவிட்டால் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்ற தைரியம் வேறு.

அந்த தைரியம் எல்லாத் தீம்களுக்கும் பொருந்தாது. சில தீம்களில் மூன்று வருடம் எழுதிச் சேர்த்த 200 பதிவுகளும் அதோடு ஒட்டிக்கொண்டுவிடும். தீமை மாற்றினால் பதிவுகள் சிதறும். (தமிழில் 'தீம்' என்ற சொல்லோடு 'ஐ' சேர்த்தால் 'தீமை' என்றாகிவிடுகிறது. சில தீம்களுக்கு அது பொருத்தம்தான்.)

காசு எதற்குக் கொடுக்கிறோம்?

வேர்ட்பிரஸ் 2003-இல் வந்தது. தீம் என்ற ஏற்பாடு 2005-இல் வெளியான 1.5 பதிப்பில் சேர்ந்தது. யோசனை எளிமையானது: நீங்கள் எழுதியது தரவுத்தளத்தில் இருக்கும், அது திரையில் எப்படித் தெரிய வேண்டும் என்பதைத் தீம் பார்த்துக்கொள்ளும். சட்டை மாற்றினால் ஆள் மாறுவதில்லை, அது மாதிரி.

வேர்ட்பிரஸ் ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது. யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், மறுபடி விநியோகிக்கலாம். தீமில் உள்ள பிஎச்பி கோடும் இந்த உரிமத்துக்குக் கட்டுப்பட்டது என்பது வேர்ட்பிரஸ் தரப்பின் நிலைப்பாடு. 'தீசிஸ்' என்ற பிரபலமான தீமை உருவாக்கிய கிறிஸ் பியர்சனுக்கும் வேர்ட்பிரஸ் நிறுவனர்களில் ஒருவரான மேட் முல்லன்வெக்குக்கும் 2010-இல் இதைப் பற்றிப் பெரிய சண்டையே நடந்தது. கடைசியில் தீசிஸ் தன் பிஎச்பி பகுதியை ஜிபிஎல்லுக்குக் கொண்டுவந்தது.

இந்தப் பழைய கதை எதற்கு என்றால், ப்ரீமியம் தீமுக்கு நீங்கள் கொடுக்கும் காசில் பெரும்பங்கு கோடுக்கானது கிடையாது. அடுத்தடுத்து வரும் அப்டேட்டுக்கும், சிக்கல் வந்தால் பதில் சொல்லும் ஆளுக்கும்தான்.

விற்பனை இரண்டு விதம். தீம்ஃபாரஸ்ட் போன்ற சந்தையில் ஒருமுறை காசு கொடுத்தால் போதும். ஒரு லைசென்ஸுக்கு ஒரு தளம். ஆறு மாத சப்போர்ட், கூடுதல் காசு கட்டினால் 12 மாதம். அந்தத் தீம் விற்பனையில் இருக்கும்வரை அப்டேட் வரும். அஸ்ட்ரா, ஜெனரேட்பிரஸ், கேடன்ஸ் போன்றவை வேறு மாதிரி. அடிப்படைத் தீம் இலவசம், கூடுதல் வசதிகளுக்கு ஆண்டுக் கட்டணம். புதுப்பிக்காவிட்டால் பொதுவாகத் தளம் நின்றுவிடாது, அப்டேட் நின்றுவிடும்.

ஆகவே இந்தத் தயாரிப்பாளர் மூன்று வருடம் கழித்தும் கடையைத் திறந்து வைத்திருப்பாரா என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம். இதற்கு விற்பனை எண்ணிக்கையைப் பார்ப்பது பெரிய உதவி செய்யாது. அது ஆரம்பத்திலிருந்து கூட்டிக்கொண்டே வரும் எண். ஐந்து வருடம் முன்பு ஓடிய தீமுக்கும் இன்று கம்பீரமாகத்தான் தெரியும். சேஞ்ச்லாக் என்ற பகுதியைத் திறந்து தேதிகளைப் பாருங்கள். வேர்ட்பிரஸ் பொதுவாக வருடத்துக்கு இரண்டு, மூன்று பெரிய பதிப்புகளை வெளியிடும். ஒவ்வொன்றும் வந்த சில வாரங்களில் தீமும் அப்டேட் ஆகியிருக்கிறதா? எட்டு மாதம் அசைவே இல்லை என்றால் டெமோ எவ்வளவு அழகாக இருந்தாலும் மூடிவிடலாம். வாங்கியவர்களின் கேள்விகளுக்குக் கடந்த ஒரு மாதத்தில் பதில் வந்திருக்கிறதா என்பதையும் ஒரு பார்வை பாருங்கள்.

முதலில் வெளியேறும் கதவைத் தேடுங்கள்

நான் அதிகம் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். பழைய பல ப்ரீமியம் தீம்கள், பேஜ் பில்டர் என்ற கருவியோடு வந்தன. பெட்டி பெட்டியாக இழுத்து வைத்துப் பக்கத்தை வடிவமைக்கலாம். வசதிதான். ஆனால் அந்த வடிவமைப்பை உங்கள் பதிவின் உள்ளேயே சதுர அடைப்புக்குறிகளுக்குள் ஆங்கிலக் குறிகளாக எழுதி வைக்கும். இதற்கு ஷார்ட்கோடு என்று பெயர். அந்தக் கருவி இயங்கும்வரை குறிகள் வாசகர் கண்ணில் படாது. அதை நீக்கியதும் ஒவ்வொரு பத்திக்கு முன்னும் பின்னும் அவை அப்படியே பல் இளிக்கும். டபிள்யூபிபேக்கரி, டிவி தீமின் நான்காம் பதிப்பு வரை எல்லாம் இந்த ரகம். 200 பதிவுகளில் இதைக் கையால் சுத்தம் செய்ய உட்கார்ந்தால் எத்தனை வார இறுதிகள் போகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

டிசம்பர் 2018-இல் வந்த வேர்ட்பிரஸ் 5.0, பிளாக் எடிட்டரைக் கொண்டுவந்தது. அதில் எழுதும் பத்தி சாதாரண எச்டிஎம்எல் ஆகவே சேமிக்கப்படுகிறது. தீம் மாறினால் அலங்காரம் போகலாம், எழுத்து பத்திரமாக இருக்கும். எனவே வலைப்பதிவு என்றால் பிளாக் எடிட்டரிலேயே வேலை செய்யும் தீம் போதும். பேஜ் பில்டர் கட்டாயம் என்று சொல்லும் தீமைப் பதிவு எழுதும் ஒருவர் வாங்குவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

இன்னொரு சிக்கல்: சில தீம்கள் 'விமர்சனம்', 'போர்ட்ஃபோலியோ' என்று தனி வகைப் பதிவுகளைத் தாங்களே உருவாக்கித் தரும். வேறு தீமுக்குப் போன மறுநிமிடம் அவை டாஷ்போர்டிலிருந்து மறைந்துவிடும். தரவுத்தளத்தில் இருக்கும், ஆனால் எட்டிப்பார்க்க வழி இருக்காது. வேர்ட்பிரஸின் அதிகாரப்பூர்வ இலவசத் தீம் பட்டியலில் இந்த வேலைக்கு அனுமதி இல்லை. இதெல்லாம் பிளகின் செய்ய வேண்டிய வேலை என்பது அங்கே விதி. இலவசத்துக்கு இருக்கும் கட்டுப்பாடு காசு கொடுக்கும் இடத்தில் இல்லாமல் போவது வேடிக்கைதான்.

இலவசமாக வரும் பிளகின்கள்

"இத்தனை டாலர் மதிப்புள்ள பிளகின்கள் இலவசம்" என்ற வரியைத் தீம் விற்பனைப் பக்கங்களில் அடிக்கடி பார்க்கலாம். 2014-இல் என்ன நடந்தது என்று தெரிந்தால் அந்த வரி அவ்வளவு கவர்ச்சியாக இருக்காது.

ஸ்லைடர் ரெவல்யூஷன் என்ற படக்காட்சி பிளகின் ஏராளமான தீம்களோடு சேர்த்து வழங்கப்பட்டது. அதில் ஒரு பாதுகாப்பு ஓட்டை இருந்தது. தயாரித்தவர்கள் அதை அடைத்துப் புதிய பதிப்பை வெளியிட்டார்கள். ஆனால் பிளகினைத் தனியாக வாங்கியவர்களுக்குத்தான் அந்த அப்டேட் நேராகப் போனது. தீமோடு பெற்றவர்கள், தீம் தயாரிப்பாளர் எப்போது சேர்த்து அனுப்புவார் என்று காத்திருக்க வேண்டிய நிலை. பலருக்குத் தங்கள் தளத்தில் அப்படியொரு பிளகின் இருப்பதே தெரியாது. டிசம்பரில் சோக்சோக் என்ற மால்வேர் அந்த ஓட்டை வழியாகப் புகுந்தபோது, கூகுள் 11,000-க்கும் மேற்பட்ட டொமைன்களைத் தடுப்புப் பட்டியலில் போட்டது.

2016-இல் பனாமா ஆவணங்கள் கசிந்த மொசாக் ஃபொன்செகா நிறுவனத்தின் இணையதளத்திலும் இதே பிளகினின் பழைய பதிப்பு இருந்ததைப் பாதுகாப்பு நிறுவனமான வேர்ட்ஃபென்ஸ் சுட்டிக்காட்டியது. கசிவு அந்த வழியாகத்தான் நடந்தது என்று நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் ஒரு ஸ்லைடர் அந்தக் கதையில் பேசப்பட்டது என்பதே போதும். வலைப்பதிவுக்கு ஸ்லைடர் தேவையா என்றால், என் பதில் தேவையில்லை.

தமிழைப் போட்டுப் பார்த்தீர்களா?

பெரும்பாலான டெமோக்கள் ஆங்கில எழுத்தை மனதில் வைத்துச் செதுக்கப்பட்டவை. அந்த அழகில் பாதி எழுத்துருவின் அழகு. ப்ளேஃபேர் டிஸ்ப்ளே எழுத்துருவில் தமிழ் கிடையாது. பாப்பின்ஸ் எழுத்துருவை உருவாக்கியது ஓர் இந்திய நிறுவனம். அதில் தேவநாகரி உண்டு, தமிழ் இல்லை. நீங்கள் தமிழில் எழுதியதும் பிரவுசர் போனில் இருக்கும் ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவை எடுத்து நிரப்பிவிடும். டெமோவில் பார்த்தது ஒன்று, கிடைப்பது வேறொன்று.

வாங்காமலேயே இதைச் சோதிக்க வழி உண்டு. கணினியில் டெமோவை குரோமில் திறந்து, தலைப்பின் மேல் ரைட் கிளிக் செய்து 'இன்ஸ்பெக்ட்' கொடுங்கள். வலப்பக்கம் தெரியும் எழுத்தை டபுள் கிளிக் செய்து உங்கள் தலைப்பை ஒட்டுங்கள். உங்களுக்கு மட்டும்தான் மாறித் தெரியும், பயப்பட வேண்டாம். 'முதலீட்டாளர்களுக்கான வருமானவரி விலக்குகள்' போன்ற நீளமான தலைப்பாக எடுங்கள். பிறகு திரையை போன் அகலத்துக்குச் சுருக்குங்கள். மூன்று பத்தி அடுக்கில் 'முதலீட்டாளர்களுக்கான' என்ற ஒற்றைச் சொல்லே பெட்டியைத் தாண்டி வெளியே எட்டிப்பார்க்கும் தீம்கள் நிறைய உண்டு.

வரி இடைவெளியையும் கவனியுங்கள். புள்ளியும் இகர ஈகாரக் கொம்பும் மேலே, உகர ஊகார வளைவு கீழே என்று நம் எழுத்து இரண்டு பக்கமும் இடம் கேட்கும். ஆங்கிலத்துக்கு 1.5 போதும், தமிழுக்கு 1.7 அல்லது 1.8 வைத்தால்தான் கண்ணுக்கு இதம் என்பது என் அனுபவம். அதை மாற்ற தீமில் அமைப்பு இருக்கிறதா? சொந்த எழுத்துருவை ஏற்ற முடியுமா? நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன் எல்லாம் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். ஏப்ரல் 2024-இல் வந்த வேர்ட்பிரஸ் 6.5-லிருந்து, பிளாக் தீம்களில் எழுத்துரு ஏற்றும் வசதி உள்ளேயே இருக்கிறது.

ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சாய்வெழுத்து என்று வேறுபாடு காட்டும் வடிவமைப்புகள் தமிழில் தட்டையாகிவிடும். நமக்குப் பெரிய எழுத்து இல்லை. சாய்வெழுத்தும் மரபில் இல்லை, பிரவுசர் எழுத்தைச் சும்மா சாய்த்துக் காட்டும். பத்தியின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் தீம் என்றால் 'கொ' முழுசாகப் பெரிதாகிறதா என்று பாருங்கள். 'படிக்கும் நேரம்' காட்டும் வசதியையும் நம்பாதீர்கள். பிஎச்பியில் சொல் எண்ணும் வழக்கமான கட்டளைக்குத் தமிழ்ச் சொல் பிடிபடாது. 2,000 சொல் கட்டுரைக்கு 1 நிமிடம் என்று அது பெருமையாக அறிவிக்கலாம்.

வேகம்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் டெமோ முகவரியைப் போட்டு, மொபைல் முடிவைப் பாருங்கள். முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும். தட்டினால் 200 மில்லி விநாடிக்குள் அசைய வேண்டும். பக்கம் குதிப்பதைக் காட்டும் எண் 0.1-ஐத் தாண்டக் கூடாது. டெமோ வேகமான சர்வரில் இருக்கும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. அதே தீமில் ஓடும் இரண்டு, மூன்று நிஜத் தளங்களைக் கண்டுபிடித்து அவற்றையும் போட்டுப் பாருங்கள். தளத்துக்குப் போதிய வருகை இருந்தால், உண்மையான வாசகர்களின் போனில் பதிவான அளவீடும் மேலேயே வரும். நான் மதிப்பது அந்த எண்ணைத்தான்.

59 டாலர் என்பது எத்தனை ரூபாய்?

ஒரு டாலர் 85 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 59 டாலர் 5,015 ரூபாய். வெளிநாட்டு ஆன்லைன் சேவைக்கு 18% ஜிஎஸ்டி சேர்த்தால் ஏறக்குறைய 5,918. உங்கள் கார்டில் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5% என்றால் இன்னும் 207, அதற்கும் ஜிஎஸ்டி 37. மொத்தம் 6,160-ஐத் தாண்டுகிறது. ஆண்டுச் சந்தா என்றால் இதை மூன்றால் பெருக்கிப் பாருங்கள். முதல் வருடத் தள்ளுபடி இரண்டாம் வருடம் இருக்குமா என்பதையும் விலைப் பக்கத்தின் அடியில் இருக்கும் பொடி எழுத்தில் தேடுங்கள்.

புதுப்பித்தலில் இந்தியக் கார்டுக்கு இன்னொரு தொல்லை உண்டு. 1 அக்டோபர் 2021 முதல், தானாகப் பணம் எடுக்கும் சந்தாக்களுக்கு ரிசர்வ் வங்கி கூடுதல் உறுதிப்படுத்தலைக் கட்டாயமாக்கியது. வெளிநாட்டு நிறுவனங்கள் எல்லாம் இதற்கு ஏற்பாடு செய்து வைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆட்டோ-ரினிவல் தோற்று, அப்டேட் நின்று, நீங்கள் கவனிக்காமலே மாதங்கள் ஓடலாம். காலெண்டரில் நீங்களே ஒரு நினைவூட்டல் வைத்துக்கொள்வது நல்லது.

"இதே தீம் டெலிகிராமில் சும்மா கிடைக்குதே" என்பவர்களுக்கு: லைசென்ஸ் சோதனையை உடைத்து விநியோகிக்கும் இந்தப் பிரதிகளை 'நல்டு' தீம் என்பார்கள். டபிள்யூபி-விசிடி என்ற மால்வேர் பெருமளவில் பரவியதே இவை வழியாகத்தான். ஒரு தீமில் புகுந்தால் தளத்தில் இருக்கும் மற்ற தீம்களிலும் தன்னை எழுதிக்கொள்ளும். அந்தத் தளத்தைச் சுத்தம் செய்து தரச் சொன்னால் தீமின் விலையைவிட அதிகம் கேட்பார்கள்.

சரி, இப்போது வாங்கலாமா? இன்னும் 20 பதிவுகூட எழுதவில்லை என்றால் வாங்காதீர்கள். மேலே சொன்ன அஸ்ட்ரா, ஜெனரேட்பிரஸ், கேடன்ஸின் இலவசப் பதிப்புகளே தாராளமாகப் போதும். எது உங்களுக்குக் குறைகிறது என்று எழுதி எழுதித்தான் தெரியும். அந்தக் குறைக்கு ப்ரீமியத்தில் விடை இருந்தால் அப்போது காசு கொடுக்கலாம்.

வாங்கும் முன் பணம் திரும்பக் கிடைக்கும் விதியைப் படியுங்கள். ஜெனரேட்பிரஸ், எலகன்ட் தீம்ஸ் போன்றவை 30 நாள் அவகாசம் தருகின்றன. தீம்ஃபாரஸ்ட்டில் 'மனசு மாறிடுச்சு' என்பது காரணமாகாது. சொன்னபடி வேலை செய்யவில்லை என்று காட்ட வேண்டும். அவகாசம் இருக்கும்போதே, வாங்கிய முதல் வாரத்தில், தளத்தின் ஒரு சோதனைப் பிரதியை எடுத்து, உங்கள் நீளமான பதிவைப் புதுத் தீமில் போட்டு, பிறகு வேர்ட்பிரஸோடு வரும் சாதாரணத் தீமுக்கு மாற்றிப் பாருங்கள். எழுத்து முழுசாக, படிக்கும்படி நின்றால் வைத்துக்கொள்ளுங்கள். சதுர அடைப்புக்குறிகள் தலைகாட்டினால் அன்றைக்கே ரீஃபண்டுக்கு மெயில் போடுங்கள்.