ஈன்ற நாயும் இளங்குட்டிகளும்

பிறந்த நாய்க்குட்டிக்குக் கண் தெரியாது, காதும் கேட்காது. ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்குப் பின்னரே அதன் கண்களும் காதுகளும் திறக்கின்றன. அதுவரை தாயின் வெப்பத்தையும் மணத்தையும் கொண்டே அது பால்காம்பைத் தேடி அடைகிறது.

இக்காலத்தில் குட்டிக்குப் பெரும் ஆபத்து குளிர்தான். தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் அதற்கு இன்னும் வரவில்லை. மலேசியா வெப்பமான நாடுதான். எனினும், மின்விசிறிக் காற்றும் வெறுந்தரையும் குட்டியின் உடலைக் குளிரச் செய்துவிடும். ஆகவே, காற்று நேராகப் படாத இடத்தில் பெட்டி ஒன்றை வைத்து, உலர்ந்த துணியை விரித்துக் குட்டிகளைக் கிடத்த வேண்டும். முதல் வாரத்தில் பெட்டிக்குள் ஏறத்தாழ 30 பாகை செல்சியஸ் வெப்பம் இருப்பது நல்லது. குளிர்ந்துபோன குட்டியால் பாலைச் செரிக்க இயலாது. எனவே, அதன் உடலை மெல்லக் கதகதப்பாக்கிய பிறகே பாலூட்ட வேண்டும்.

பிறந்த 24 மணி நேரத்திற்குள் குட்டிகள் சீம்பால் அருந்துவது அவசியம். நோயை எதிர்க்கும் ஆற்றலை அது தருகிறது. குட்டிகளை நாள்தோறும் நிறுத்துப் பார்க்க வேண்டும். எடை கூடாத குட்டிக்குப் பால் போதவில்லை அல்லது உடல்நலம் குன்றியுள்ளது என்பதை அறியலாம். பசும்பால் தாய்ப்பாலுக்கு ஈடாகாது. நாய்க்குட்டிகளுக்கெனத் தயாரிக்கப்படும் பால்மாவே ஏற்றது.

தாய்நாயையும் மறத்தலாகாது. பாலூட்டும் நாய்க்கு வழக்கத்தைவிட இரு மடங்குக்கும் மேலான உணவு தேவைப்படலாம். தூய நீர் எப்போதும் அருகில் இருக்க வேண்டும். தாயின் உடல் நடுங்கினாலோ நடை தள்ளாடினாலோ இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்திருக்கக்கூடும். இஃது உயிருக்கே ஆபத்தானது. உடனே விலங்கு மருத்துவரை நாட வேண்டும்.

எட்டு வாரம் நிறையும்வரை குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்கலாகாது.