துரட்டியும் மோட்டாரும்

தமிழ்நாட்டில் கொல்லையுள்ள வீடு எதுவாயினும் அதன் தாழ்வாரத்தில் ஒரு துரட்டி சாத்தியிருக்கும். நீண்ட மூங்கிற்கழி, அதன் நுனியில் வளைந்த சிறு கத்தி. முருங்கைக் கீரை பறிக்கவும், ஆட்டுக்குக் குழை ஒடிக்கவும், கைக்கெட்டாத மாங்காயை இழுக்கவும் நம் முன்னோர்க்கு அதுவே போதுமாயிருந்தது. அக்கழியின் நுனியில் கத்திக்குப் பதிலாகச் சங்கிலி ரம்பத்தையும், அடியில் ஒரு சிறு எஞ்சினையும் பொருத்திவிட்டால், இன்று கடைகளில் 'போல் சா' என்று விற்கப்படும் யந்திரம் கிடைத்துவிடும். நாம் இக்கட்டுரையில் அதனைக் கழி ரம்பம் என்றே வழங்குவோம்.

குவார்ட்டர்ஸ் வாசிகளான நமக்கு இது எதற்கு என்று நேயர்கள் வினவலாம். சுதந்திரத்திற்குப் பின் மத்திய அரசு ஊழியருக்கென எழுந்த சரோஜினி நகரை வினய் நகர் என்னும் பழம்பெயராலேயே அழைக்கும் முதியோர் இன்னும் நம்மிடையே உண்டு. அவர்கள் வந்த காலத்தில் கன்றுகளாக நின்ற வேம்பும் நாவலும் அரசும் மாடிக்கு மேல் வளர்ந்துவிட்டன. ஆண்டுதோறும் மே, ஜூன் மாதங்களில் இங்கே 'ஆந்தி' என்னும் புழுதிப்புயல் வீசும். 2022 மே 30 மாலை அடித்த காற்றில் தில்லி எங்கும் மரங்கள் சாய்ந்ததையும், ஜும்மா மசூதியின் நடுக்கும்மட்டத்துக் கலசம் முறிந்ததையும் நாம் மறப்பதற்கில்லை. இத்தகைய காற்றுக்கு முன்னரே பட்டுப்போன கிளைகளைக் கழித்துவிட வேண்டும் என்ற கவலை எல்லார்க்கும் உண்டு. முன்பு அரிவாளுடன் மரமேறுவோர் வருவர். இப்போது தோட்ட வேலைக்கு வருபவர் தோளில் கழி ரம்பத்துடன் வருகின்றனர். பணி ஓய்வு பெற்று ஊர் திரும்பும் அன்பர்கள் சிலரும் தோப்புக்கென ஒன்று வாங்கிச் செல்கின்றனர்.

ரம்பத்தைத் தொடுமுன் சட்டத்தைத் தொட்டுப் பேசுவது அவசியம். 1994ஆம் ஆண்டின் தில்லி மரப் பாதுகாப்புச் சட்டத்தில், மரத்தை 'வெட்டுதல்' என்பது அடியோடு சாய்ப்பதை மட்டும் குறிப்பதன்று. கிளைகளைத் தறிப்பதும் அதனுள் அடங்கும். மர அதிகாரியின் அனுமதியின்றி அதனைச் செய்தல் குற்றமாகும். உயிருக்கோ உடைமைக்கோ போக்குவரத்துக்கோ உடனடி ஆபத்து விளைக்கும் மரத்தை மட்டும் வெட்டிவிட்டு 24 மணி நேரத்துக்குள் அறிவிக்கலாம். சுற்றளவு 15.7 சென்டிமீட்டருக்கு உட்பட்ட கிளைகளுக்கு அனுமதி வேண்டுவதில்லை என்றிருந்த வழிகாட்டுதலைத் தில்லி உயர்நீதிமன்றம் 2023 மே மாதத்தில் நீக்கிற்று. விதிகள் இவ்வாறு மாறி வருவதால், வெட்டும் சமயத்தில் எது நடைமுறை என்று வனத்துறையிடம் கேட்டறிந்த பின்னரே யந்திரத்தை எடுக்க வேண்டும். அரசுக் குடியிருப்பின் மரத்தை வீட்டுக்காரர் தாமாகத் தொடுவதற்கும் இல்லை. பராமரிப்பு அலுவலகத்தில் எழுதிக் கொடுப்பதே முறை. இதே சரோஜினி நகரில் 2018 ஜூன் மாதம், மறுகட்டுமானத்துக்காக மரங்கள் வீழ்த்தப்பட்டபோது, மக்கள் அடிமரங்களைத் தழுவி நின்றதும், உயர்நீதிமன்றம் வெட்டுவதை நிறுத்தி வைத்ததும் நாடறிந்த செய்தி. இப்பேட்டையில் மரத்தடியில் ரம்பம் உறுமினால் அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்ப்பதும் கேள்வி கேட்பதும் இயல்பே. அனுமதிக் காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது நல்லது.

இனி யந்திரத்துக்கு வருவோம். ஜெர்மனியில் ஆந்திரேயாஸ் ஸ்டீல் என்னும் பொறியாளர் 1926இல் மின்சாரச் சங்கிலி ரம்பத்தைச் செய்தார். அது இருவர் சேர்ந்து தூக்க வேண்டிய சுமை. அக்காலச் சங்கிலிகளின் பற்கள் கைவாளின் பற்களைப் போலவே மரத்தைச் சுரண்டின, விரைவில் மழுங்கின. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் மரம் வெட்டும் தொழிலில் இருந்த ஜோசப் காக்ஸ் என்பவர், 1946இல் ஒரு நாள், அடிமரத்தைத் துளைத்துக்கொண்டிருந்த வண்டின் புழுவொன்றைக் கூர்ந்து நோக்கினார். அது தன் இரு தாடைகளாலும் இடமும் வலமுமாக மரத்தைச் செதுக்கிச் செதுக்கி முன்னேறிற்று. அதே முறையில் இடப்பல் ஒன்று, வலப்பல் ஒன்று என மாறி மாறி அமைந்த சங்கிலியை அவர் உண்டாக்கினார். இன்று கழி ரம்பங்களில் சுழல்வது அச்சங்கிலியின் வழிவந்ததே. புழுவின் வித்தை இது என்பதை நினைவிற் கொண்டால், பிற்பாடு கூர் தீட்டும்போது எளிதில் விளங்கும்: பல் செதுக்க வேண்டும், தேய்க்கலாகாது.

கழி ரம்பத்தால் விளையும் அபாயங்களில் முதன்மையானது ரம்பமே அன்று, மின்சாரக் கம்பி. ரயில்வே ஊழியருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. சரோஜினி நகர் நிலையம் அமைந்துள்ள ரிங் ரயில் பாதையின் மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் பாய்கிறது. அக்கம்பிக்கு 2 மீட்டருக்குள் உடலின் எப்பாகமும், கையிலுள்ள எக்கருவியும் செல்லலாகாது என்பது நமக்குப் பாலபாடம். அதற்குள் சென்று வேலை செய்ய வேண்டுமாயின் மின்சாரத்தை நிறுத்தி, கம்பியைப் பூமியுடன் இணைத்து, எழுத்து மூலம் அனுமதி பெற்ற பிறகே ஆள் ஏறுவான். அத்துணை உயர் அழுத்தத்தில் மின்சாரம் கம்பியைத் தொடுமுன்னரே காற்றில் பாய்ந்துவிடும். தெருவிலோ, 11,000 வோல்ட் கம்பியின் கீழே மூன்று மீட்டர் அலுமினியக் கழியை நிமிர்த்துபவருக்கு எந்தக் காகிதமும் இல்லை, எச்சரிக்கும் ஆளும் இல்லை. அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும். கார்பன் நாரினாற் செய்த கழியும் கடத்தும். பிடியில் ரப்பர் உறை இருக்கிறதே என்று மயங்க வேண்டா. அது கை வழுக்காதிருக்க அமைந்தது. மேலும், கழி கம்பிக்கு எட்டாவிட்டாலும் அறுந்து விழும் பச்சைக்கிளை எட்டிவிடும். கம்பியை ஒட்டிய கிளையாயின் அது கழி ரம்பத்துக்கு உரிய வேலையன்று. மின்வாரியத்தார் மின்சாரத்தை நிறுத்திச் செய்ய வேண்டியது.

இரண்டாவது அபாயம் வெட்டிய கிளை. எல்லாரும் கிளைக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்து அறுக்கவே விரும்புகின்றனர். கழியின் பாரம் அப்போதுதான் குறைவாகத் தோன்றும். பெட்ரோல் யந்திரம் 6 முதல் 8 கிலோ வரை இருக்குமாதலால் அவ்வாசையை நாம் உணர்கிறோம். எனினும் கழி தரையோடு 60 டிகிரிக்கு மேல் நிமிரலாகாது என்பது தயாரிப்பாளர் விதி. அப்படிச் சாய்த்துப் பிடித்தால் வெட்டுபவர் கிளையின் நிழலுக்கு வெளியே நிற்பார். அறுந்த கிளை நேராக விழும் என்பதற்கும் உறுதியில்லை; தரையில் பட்டுத் துள்ளி வரும். பின்வாங்கும் வழியில் தொட்டியும் நாற்காலியும் இல்லாமல் முன்னரே அகற்றிவிட வேண்டும். மற்றவர் எவரும் 15 மீட்டருக்குள் வரக்கூடாது. பள்ளி விடும் நேரத்தில் இவ்வேலையைத் தொடங்குவது மதியீனம்.

ஏணி கூடவே கூடாது. ஏணிக்கு மாற்றாகத்தானே கழியை நீட்டினார்கள்! ஆயினும் இன்னும் இரண்டடி எட்டினால் போதும் என்ற ஆசை விடுவதில்லை. சென்ற மழைக்காலத்தில் நம் வட்டாரத்தில் கூலிக்கு அமர்த்தப்பட்ட ஒருவர், வீட்டுக்காரர் கொடுத்த ஏணியின் மேல் நின்று நாவற்கிளையை அறுத்தார். கிளை ஊசலாடி ஏணியைத் தட்டிற்று. உயிர் பிழைத்தார், இடுப்பெலும்பு முறிந்து மூன்று மாதம் படுக்கையிற் கிடந்தார். காலில் ரப்பர் செருப்பு, தலையில் துண்டு. அவ்வளவே அவருக்கிருந்த காப்பு. அன்றாடங்காய்ச்சிக்கு மூன்று மாதம் என்பது எத்தகைய காலம் என்று மாதச் சம்பளக்காரராகிய நாம் ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். தலைக்கவசம், கண்ணாடி, காதடைப்பு, கையுறை, கெட்டியான காலணி ஆகியவற்றைக் கூலியாள் கொண்டுவருவார் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. வேலை கொடுப்பவரே வாங்கி வைத்துக் கொடுப்பதுதான் முறை. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு ஜோடி வாங்குவது பெரிய செலவாகாது.

வெட்டும் முறையிலும் நுணுக்கம் உண்டு. கனத்த கிளையை மேலிருந்து ஒரே வீச்சில் அறுத்தால், முழுவதும் அறுபடுமுன் அது தன் பாரத்தால் முறிந்து, அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு இறங்கும். ஆகையால் அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளி, முதலில் கீழ்ப்புறத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் அறுக்க வேண்டும். பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை சுத்தமாக விழும். எஞ்சிய கட்டையை மூன்றாவதாக எடுக்கலாம். அதனை அடிமரத்தோடு ஒட்ட வழித்துவிடுவது அழகு என்று பலர் எண்ணுகின்றனர், அது பிழை. கிளை புறப்படும் இடத்தில் மோதிரம் போன்ற புடைப்பு ஒன்று இருக்கும். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ, ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்குவாட்டில் பிளந்து பார்த்து, அழுகல் உள்ளே பரவாது தடுப்பது அப்புடைப்பே என்று காட்டினார். அதற்கு வெளியே அறுத்தால் மரம் தானே புண்ணை மூடிக்கொள்ளும். ரம்பம் கிளையில் மாட்டிக்கொண்டால், ஓடும் யந்திரத்தை ஆட்டி இழுக்காமல், முதலில் எஞ்சினை நிறுத்த வேண்டும். முருங்கைக்கு மட்டும் இந்தப் பரிவாரம் எதுவும் வேண்டா. அதன் மென்மரத்துக்குக் கைவாளே அதிகம்.

பராமரிப்பைப் பலரும் யந்திரத்தின் ஆயுளுக்கென்று நினைக்கின்றனர். நம் அபிப்பிராயத்தில் அது முதலில் ஆளின் ஆயுளுக்கு. மழுங்கிய சங்கிலி தானாக மரத்தில் இறங்காது, பிடிப்பவர் அமுக்குவார், அமுக்கும்போது நிலை தடுமாறுவார். மழுங்கியதை அறிவது எளிது: நல்ல சங்கிலி சிறு சிறு செதில்களாக உதிர்க்கும், மழுங்கியது மாவாக உதிர்க்கும், புகையும் எழும். கூர் தீட்ட உருண்டை அரம் வேண்டும். அதன் பருமன் சங்கிலிக்குச் சங்கிலி மாறுபடுமாதலால் கையேட்டைப் பார்த்தே வாங்குக. ஒவ்வொரு பல்லையும் உள்ளிருந்து வெளிப்புறமாக, பல்லின் மேல் குறித்துள்ள சாய்விலேயே, எல்லாப் பற்களுக்கும் ஒரே எண்ணிக்கையில் இழுக்க வேண்டும். ஒரு பக்கம் மிகுந்தால் ரம்பம் வளைந்து அறுக்கும். சங்கிலி, பட்டையை ஒட்டி நிற்க வேண்டும். எனினும் கையுறை அணிந்த கையால் இழுத்தால் நகர வேண்டும். வேலை முடிந்ததும் சற்றுத் தளர்த்திவிடுக. சூடு ஆறும்போது சங்கிலி சுருங்கும். பேட்டரி யந்திரமாயின் சங்கிலியைத் தொடுமுன் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். பெட்ரோல் யந்திரமாயின் எஞ்சினை நிறுத்தி ஆறவிட வேண்டும்.

சங்கிலிக்குரிய எண்ணெய் தீர்ந்திருக்கிறதா என்பதை ஒவ்வொரு முறை பெட்ரோல் ஊற்றும்போதும் பார்க்க வேண்டும். ஸ்கூட்டரிலிருந்து வடித்த கறுப்பெண்ணெயை ஊற்றிச் சிக்கனம் செய்வோர் உண்டு. அதிலுள்ள இரும்புத்தூள் பட்டையைத் தின்றுவிடும், தெறிப்பது தோலுக்கும் ஆகாது. எஞ்சின் மெதுவாக ஓடுகையில் சங்கிலி அசையாமல் நிற்க வேண்டும். அசைந்தால் சரிசெய்யும் வரை அந்த யந்திரத்தைத் தொடவே வேண்டா.

எரிபொருளில் தில்லிவாசிகள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெட்ரோலில் எண்ணெய் கலக்க வேண்டும்: ஐம்பதுக்கு ஒன்று என்று கையேடு சொன்னால் லிட்டருக்கு 20 மில்லி, இருபத்தைந்துக்கு ஒன்று என்றால் 40 மில்லி. இன்று நம் நாட்டு பெட்ரோல் நிலையங்களில் கிடைப்பதோ 20 சதவீதம் எத்தனால் சேர்ந்தது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலத்தில் நாள்பட நின்றால் அடியில் நீராகப் பிரிந்து கார்புரேட்டரைக் கெடுக்கும். ஆகவே அன்றைய வேலைக்கு வேண்டிய அளவே கலந்துகொள்க. எஞ்சின் ஆறிய பின்னரே ஊற்றுக; ஊற்றிய இடத்திலேயே கயிற்றை இழுத்துக் கிளப்பாமல் பத்தடியாவது தள்ளிச் செல்லுக. பருவம் முடிந்ததும் தொட்டியைக் காலிசெய்து, எஞ்சின் தானே நிற்கும் வரை ஓடவிட்டு, காற்று வடிகட்டியைத் தட்டித் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் தடவி, பட்டைக்கு உறையிட்டு, குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் கிடையாக வைக்கவும்.