பத்து ஆண்டு வாக்குறுதி. ஒரே போகத்தில் அமல்!
இலங்கையின் உரத் தடை நம் விவசாயிகளுக்குச் சொல்லும் கணக்கு

2022 ஜூன் மாதம் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்திலிருந்து கொழும்புக்கு ஒரு கப்பல் புறப்பட்டது. அதில் சுமார் 15 ஆயிரம் டன் அரிசியும், பால் பவுடரும், மருந்துகளும் இருந்தன. நெருக்கடியில் தவித்த இலங்கை மக்களுக்கு 40 ஆயிரம் டன் அரிசி அனுப்புவது என்று தமிழக அரசு முடிவெடுத்திருந்தது. முதல் கப்பல் மே மாதம் சென்னையிலிருந்து போனது, அடுத்தது இங்கிருந்து.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்புவரை அரிசிக்காகப் பெரிதாக வெளிநாட்டை நம்பி இருக்காத நாடு இலங்கை. அந்த நிலை மாறியதில், இயற்கை விவசாயம் பற்றி ஒரு வேட்பாளர் கொடுத்த வாக்குறுதிக்கும், அது நிறைவேற்றப்பட்ட விதத்துக்கும் பங்கு உண்டு. தேர்தல் வரும்போதெல்லாம் நம் ஊரிலும் இயற்கை விவசாயம் மேடையேறுகிறது. ஆகவே அக்கரையில் நடந்ததை இக்கரை விவசாயி தெரிந்துவைத்திருப்பது நல்லது.

தேர்தல் அறிக்கையில் இருந்தது என்ன?

2019 நவம்பரில் நடந்த ஜனாதிபதி தேர்தலில் போட்டியிட்ட கோத்தபய ராஜபக்சவின் அறிக்கைக்குத் தமிழில் 'சுபீட்சத்தின் நோக்கு' என்று பெயர். பத்து ஆண்டுகளில் நாட்டின் விவசாயத்தை முழுவதும் சேதனப் பசளைக்கு, அதாவது இயற்கை உரத்துக்கு, மாற்றுவோம் என்றார். மாறும் காலத்தில் ரசாயன உரம், இயற்கை உரம் இரண்டையும் விவசாயிக்கு இலவசமாகத் தருவோம் என்பதும் அதே அறிக்கையில் இருந்தது. அனுராதபுரம், பொலன்னறுவைப் பகுதிகளில் விவசாயிகளை வாட்டும் சிறுநீரக நோய்க்கு ரசாயன உரமும் மருந்தும்தான் காரணம் என்ற அச்சம் மக்களிடம் வேரூன்றி இருந்தது. நோய்க்கான காரணம் அறிவியல் ரீதியாக முழுமையாக நிறுவப்படாவிட்டாலும், அந்த அச்சத்துக்குப் பதில் சொல்லும் வாக்குறுதியாக அது அமைந்தது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எழுத்தில் பார்த்தால் அது மோசமான வாக்குறுதி அல்ல. பத்து ஆண்டு அவகாசம் இருந்தது. இடைக்காலத்தில் விவசாயிக்கு இலவச உரம் இருந்தது. நம் பக்கத்தில் வரும் பல அறிக்கைகளில் இந்த இரண்டும் இருப்பதில்லை.

மே 2021

பதவிக்கு வந்து ஒன்றரை ஆண்டில் அந்த அவகாசம் காணாமல் போனது. கொரோனாவால் சுற்றுலா வருமானம் நின்றது. வரிக் குறைப்பால் கஜானா வற்றியது. இறக்குமதிக்கு டாலர் இல்லை. உரம் வாங்க ஆகும் டாலரும் மிச்சம், சொன்ன வாக்குறுதியும் நிறைவேறும் என்று கணக்குப் போட்டார்கள். 2021 மே மாதம் ரசாயன உரம், பூச்சிக்கொல்லி இறக்குமதிக்குத் தடை வந்தது.

பேராதனைப் பல்கலைக்கழக வேளாண் பேராசிரியர் புத்தி மாரம்பே உள்ளிட்டோர் விளைச்சல் சரியும் என்று எச்சரித்தார்கள். அவரை வேளாண் அமைச்சின் பொறுப்புகளிலிருந்து நீக்கியதுதான் கிடைத்த பதில். செப்டம்பர், அக்டோபரில் பெரும்போக விதைப்பு நெருங்கியபோது தேவையான அளவுக்கு இயற்கை உரம் நாட்டில் இல்லை. சீனாவிலிருந்து கப்பலில் வந்த 20 ஆயிரம் டன் இயற்கை உரத்தில் பயிருக்குக் கேடு செய்யும் பாக்டீரியா இருப்பதாக இலங்கையின் தாவரத் தனிமைப்படுத்தல் துறை சொல்ல, கப்பல் துறைமுகத்துக்கு வெளியே அலைந்தது. கடைசியில் அந்தச் சரக்கை இறக்காமலேயே 60 லட்சம் டாலருக்கு மேல் பணம் கட்ட வேண்டியதாயிற்று. இந்தியாவிலிருந்து இப்கோவின் திரவ நானோ யூரியா விமானத்தில் போனது. வயலுக்கு உரத்தை விமானத்தில் அனுப்பும் நிலை எந்த விவசாயிக்கும் வரக்கூடாது.

விவசாயிகள் தெருவில் இறங்கினார்கள். நவம்பர் 24-ம் தேதி தடை விலக்கப்பட்டது. ஆனால் பட்டம் யாருக்காகவும் காத்திருக்காதே! விதைத்த நெல்லுக்கு வேண்டிய நேரத்தில் தழைச்சத்து போய்ச் சேரவில்லை. அந்தப் பெரும்போக நெல் விளைச்சல் முந்தைய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது. நெல் விவசாயிகளுக்கு 4,000 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு தருவதாக அரசு அறிவித்தது. 2022 ஜூலையில் கோத்தபய நாட்டை விட்டே வெளியேறி, பதவி விலகினார். அதே மாதம் இந்தியக் கடனுதவியில் 44 ஆயிரம் டன் யூரியா கொழும்பு போய்ச் சேர்ந்தது.

நெருக்கடி முழுவதற்கும் உரத் தடைதான் காரணம் என்று சொல்வது தவறு. கடனும் டாலர் பஞ்சமும் அதற்கு முன்பே தொடங்கியவை. ஆனால் வயலில் நேர்ந்த சரிவு இந்த முடிவால் வந்தது.

எருவுக்கு எங்கே போவது?

ஏன் இப்படி ஆனது என்பது நம் வீட்டுக் கணக்கிலேயே தெரியும். மத்திய, நீண்டகால நெல் ரகங்களுக்கு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து வேண்டும். 45 கிலோ யூரியா மூட்டையில் சுமார் 20 கிலோ தழைச்சத்து. மூன்று மூட்டையில் காரியம் முடிந்துவிடும். மக்கிய தொழு உரத்தில் அது நூற்றுக்கு அரைப் பங்குதான். அதே 60 கிலோவுக்கு 12 டன் எரு தேவை. அதிலும் முதல் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பகுதியே. மீதி மண்ணில் தங்கி, பிறகு மெதுவாகக் கிடைக்கும். ஒரு மாடு நாளுக்கு 10 கிலோ சாணம் போடுகிறது, மக்கும்போது அது பாதியாகிறது என்று வைத்தால், ஏக்கருக்கு ஆறேழு மாடு வேண்டும். இன்று எத்தனை தொழுவத்தில் ஆறு மாடு நிற்கிறது?

தக்கைப்பூண்டோ சணப்போ விதைத்து 45 நாளில் மடக்கி உழுதால் ஏக்கருக்கு 25 கிலோ வரை தழைச்சத்து சேரும். பயறு வகைகள் கொஞ்சம் தரும். ஆட்டுக்கிடை, அசோஸ்பைரில்லம் எல்லாம் கைகொடுக்கும். ஆனால் இவை மண்ணில் ஏறிப் பலன் தர ஆண்டுகள் ஆகும். ஒரு அரசாணையால் அந்த ஆண்டுகளைத் தாண்ட முடியாது.

சிக்கிம் அந்த ஆண்டுகளைக் கொடுத்தது. 2003-ல் முதல்வர் பவன்குமார் சாம்லிங் சட்டப்பேரவையில் அறிவித்தார். உர மானியம் படிப்படியாகக் குறைந்தது. 2010-ல் தனி இயக்கம் வந்தது. 2016 ஜனவரியில்தான் முழு இயற்கை விவசாய மாநிலம் என்று பிரதமர் அறிவித்தார். சுமார் 75 ஆயிரம் ஹெக்டேர், ஏலக்காய், இஞ்சி விளையும் மலை, ஏற்கெனவே உரம் குறைவாகப் போட்ட மண். அதற்கே 12 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. விளைந்ததற்குத் தனி விலை கிடைக்கவில்லை என்ற குறை அங்கே இன்றும் உண்டு.

கரிசலும் தாமிரபரணியும்

நம் மாவட்டத்திலேயே இரண்டு கதை. கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கம் மானாவாரிக் கரிசல். புரட்டாசிப் பட்டத்தில் விதைக்கும் உளுந்து, பாசிக்கு ஏக்கருக்கு 5 கிலோ தழைச்சத்துதான் பரிந்துரை. கம்பும் குதிரைவாலியும் குறைந்த செலவில் விளைபவை. இயற்கை முறைக்கு மாறுவது இங்கே எளிது. இடறினாலும் நட்டம் சிறியது. கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் 1963-ல் வேலைக்குச் சேர்ந்த நம்மாழ்வார், மழையை நம்பிய விவசாயிக்கு இடுபொருள் செலவு மிகுந்த ஆராய்ச்சி உதவாது என்று சொல்லி 1969-ல் வேலையை விட்டதும் இதே கரிசல் மண்ணைப் பார்த்துத்தான்.

ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் பக்கம் நிலைமை வேறு. காரும் பிசானமும் நெல், அடுத்து வாழை. சத்தை வாரி எடுக்கும் பயிர்கள், பெரும்பாலும் குத்தகை நிலம். அடுத்த ஆண்டு தன் கையில் இருக்குமா என்று தெரியாத நிலத்தில் மூன்று ஆண்டு மண் வளர்க்க யார் முன்வருவார்? கரிசலுக்கும் ஆற்றுப் பாசனத்துக்கும் ஒரே வாக்குறுதி தரும் வேட்பாளர் இரண்டையும் நடந்து பார்த்திருக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

தமிழகத்தில் 2021 முதல் வேளாண்மைக்குத் தனி பட்ஜெட் வருகிறது. 2023 மார்ச்சில் இயற்கை வேளாண் கொள்கையும் வெளியானது. சான்று தர விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறை இருக்கிறது. விவசாயி மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. தேசியத் தர விதிப்படி, ஆண்டுப் பயிருக்கு இரண்டு ஆண்டும் பல்லாண்டுப் பயிருக்கு மூன்று ஆண்டும் மாறும் காலம். அந்த நாட்களில் விளைச்சல் குறையலாம், முழுச் சான்றும் கிடையாது, சந்தையில் சாதாரண விலைதான். இந்த இடைவெளியில்தான் பலர் பாதியில் விட்டு யூரியாவுக்குத் திரும்புகிறார்கள்.

எனவே வாக்குக் கேட்டு வருபவர் இயற்கை விவசாயத்தை ஆதரிப்பதாகச் சொன்னால், அந்த இரண்டு, மூன்று ஆண்டு நட்டத்தை ஏக்கருக்கு எவ்வளவு என்று ஈடு செய்வார் எனக் கேளுங்கள். குத்தகைதாரருக்கும் அது உண்டா, பட்டாதாரருக்கு மட்டுமா என்று கேளுங்கள். சத்துணவுக்கும் ரேஷனுக்கும் இந்தக் கரிசல் உளுந்தையும் குதிரைவாலியையும் எந்த விலையில், எந்த மாதம் கொள்முதல் செய்வார்கள் என்றும் கேளுங்கள். மேலாண்மை இயக்கத்தில் உள்ள விரிவாக்கப் பணியாளர்கள், தங்கள் வட்டாரத்து மாடுகளின் எண்ணிக்கையையும் நெல், வாழைப் பரப்பையும் ஒரு தாளில் எழுதி, கிராம சபைக்கு முன் விவசாயிகள் கையில் கொடுத்தால் கேள்வி கேட்க வசதியாக இருக்கும்.