கறளை வெல்லும் நாகப் பூச்சு
பழைய மோட்டார் வண்டியின் உறுப்புகளுக்கு வீட்டிலே முலாமிடலாமா?

யாழ்ப்பாணத்து வீதிகளில் மொரிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் முதலிய பழைய வண்டிகளை இன்றும் காண்கிறோம். மொரிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு இங்கிலாந்திலே அறிமுகமாயிற்று. 1970களின் முற்பகுதியில் அதன் உற்பத்தி நின்றுபோயிற்று. 1990களில் பெற்றோல் கிடையாதிருந்தபோது இத்தகைய வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடி மக்களைச் சுமந்தன. இன்று பல குடும்பங்கள் பாட்டனாரின் வண்டியைப் பிரித்துப் புதுப்பிக்க முற்படுகின்றன. அவ்வேளையில் முதலில் எதிர்ப்படும் பகைவன் கறள். கடற்காற்று உலவும் நமது நாட்டில் அதன் கொடுமையைச் சொல்லவும் வேண்டுமோ?

வண்டியின் உடலுக்கு வர்ணம் பூசலாம். ஆனால் போல்ற்று, நற்று, பிணைச்சல், தாங்கித் தகடு போன்ற சிற்றுறுப்புகளுக்கு வர்ணம் நிலைக்காது. சாவியை வைத்துத் திருகியதும் உரிந்துவிடும். இவற்றுக்கு ஏற்றது நாக முலாம்.

நாகம் ஏன்?

நாகம் இரும்பைக் காட்டிலும் எளிதில் அரிபடும் உலோகம். இரண்டும் தொட்டிருக்கையில் ஈரம் பட்டால் நாகமே முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கிறது. பூச்சிலே கீறல் விழுந்தாலும் இக்காவல் தொடரும். பளபளக்கும் குரோமிய முலாமுக்கு இக்குணம் இல்லை. அதிலே நுண்துளை ஒன்று ஏற்பட்டாலும் அதன் வழியே ஈரம் புகுந்து உள்ளிருக்கும் இரும்பைக் கறள் பிடிக்கச் செய்யும்.

குரோமிய முலாமை வீட்டிலே முயலவே கூடாது. அதற்குப் பயன்படும் அறுவலுவுள்ள குரோமியச் சேர்வை புற்றுநோயை விளைவிப்பது. நாக முலாமிடும்போதும் நாகத்துக்குப் பதிலாகக் கறையில்லா உருக்குக் கரண்டியை நேர்முனையில் தொங்கவிடுவது தவறு. அதிலிருந்தும் அந்நஞ்சு கரைந்து வெளிப்படலாம். மேலும், பழைய வண்டிகளின் சில போல்ற்றுகள் கட்மியம் என்னும் நச்சு உலோகத்தால் முலாமிடப்பட்டவை. ஐயமிருப்பின் அவற்றை உராய்ந்தோ, சூடாக்கியோ, அமிலத்தில் இட்டோ சுத்தம் செய்யலாகாது.

துப்புரவே பாதி வேலை

முலாம் இரும்பிலே ஒட்டுமேயன்றி அழுக்கிலே ஒட்டாது. முதலில் சலவைச் சோடா கரைத்த வெந்நீரால் எண்ணெய்ப் பசையைப் போக்க வேண்டும். பின்னர் உறுப்பை வினாகிரியில் ஓரிரவு ஊறவைத்துக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் கறள் கழன்றுவிடும். அதன்மேல் நீரை ஊற்றிப் பாருங்கள். நீர் ஒரே படலமாகப் பரவினால் சுத்தமாயிற்று. முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. சுத்தமான உறுப்பை வெறுங்கையால் தொடலாகாது. விரலின் பசையே தடையாகிவிடும்.

முலாமிடும் முறை

ஒரு பிளாஸ்ரிக் வாளியில் வெள்ளை வினாகிரியை ஊற்றி, லீற்றர் ஒன்றுக்குச் சுமார் 100 கிராம் வீதம் எப்சம் உப்பையும் சிறிது சீனியையும் கரைக்க வேண்டும். இருபுறமும் சுத்தமான நாகத் தகடுகளைத் தொங்கவிட வேண்டும். மீன்பிடிப் படகுகளின் அடியில் அரிப்பைத் தடுக்கப் பொருத்தும் நாகக் கட்டியையும் பயன்படுத்தலாம். சில மணி நேரம் ஊறவிட்டால் நாகம் சிறிது கரைந்து கரைசல் ஆயத்தமாகும்.

மின்வழங்கியின் நேர்முனையை நாகத்துடனும், எதிர்முனையைச் செப்புக் கம்பியில் தொங்கும் உறுப்புடனும் இணைக்க வேண்டும். ஒன்றையொன்று தொடலாகாது. மின்னழுத்தம் 3 உவோற்றுக்கு மேற்படாதிருப்பது நன்று. வண்டியின் 12 உவோற்றுப் பற்றரியை நேரே இணைத்தால் மின்னோட்டம் மிகுந்து, முலாம் கருகிப் பஞ்சுபோலாகி உதிர்ந்துவிடும்.

மாணவர்களுக்கு இங்கே ஒரு கணக்கு உண்டு. மைக்கேல் பரடே 1834இல் வெளியிட்ட விதிப்படி, ஓர் அம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் பாய்ந்தால் சுமார் 1.22 கிராம் நாகம் படியும். 10 சென்ரிமீற்றர் நீளமும் 5 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட தகட்டுக்கு இருபுறமும் சேர்ந்து பரப்பு 100 சதுர சென்ரிமீற்றர். ஓர் அம்பியரை அரைமணி நேரம் செலுத்தினால் 0.61 கிராம் நாகம் படியும். அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் நூற்றிலொரு பங்குக்குச் சற்றுக் குறைவு. மின்னின் ஒரு பகுதி ஐதரசன் வாயுவை உண்டாக்குவதிலே செலவாவதால் உண்மையில் இதனினும் குறைவாகவே படியும். பாதி நேரத்தில் உறுப்பைத் திருப்பித் தொங்கவிட்டால் பூச்சு சமமாக அமையும்.

வெளியே எடுக்கும்போது அது மங்கிய சாம்பல் நிறமாக இருக்கும். கழுவிப் பித்தளைத் தூரிகையால் தேய்த்தால் ஒளி பெறும். உலர்த்தி மெல்லிய மெழுகு பூசி வைத்தால் நெடுநாள் நிலைக்கும்.

உயிரைக் காக்கும் எச்சரிக்கை

மேலே கூறிய ஐதரசன் எளிதில் தீப்பற்றுவது. ஆகவே இவ்வேலையைத் திறந்த முற்றத்திலே செய்ய வேண்டும். அருகில் நெருப்பு கூடாது. றப்பர்க் கையுறையும் கண்ணாடியும் அணிதல் வேண்டும். பாவித்த பாத்திரம் மீண்டும் அடுக்களைக்குச் செல்லலாகாது.

அந்த ஐதரசனால் மற்றுமொரு கேடும் உண்டு. அது வலிய உருக்கின் உள்ளே புகுந்து அதனை நொறுங்கும் தன்மையதாக்குகிறது. வெளியே புதிதுபோல் மின்னும் போல்ற்று, பாரம் ஏறியதும் முன்னறிவிப்பின்றி முறிந்துவிடும். தொழிற்சாலைகளில் இதனைத் தவிர்க்க முலாமிட்ட உறுப்பைச் சுமார் 190 பாகை செல்சியசில் பல மணி நேரம் சூடாக்குவர். வீட்டில் அதனைச் செம்மையாகச் செய்ய இயலாது. எனவே தடை, சுக்கான், சில்லு, வில் ஆகியவற்றுக்குரிய போல்ற்றுகளுக்கு வீட்டில் ஒருபோதும் முலாமிடலாகாது. அவற்றைப் புதிதாக வாங்குவதே அறிவுடைமை. அழகுக்காகக் குடும்பத்தின் உயிரைப் பணயம் வைப்பவர் யார்?

கிணற்றை மறவாதீர்

வேலை முடிந்தபின் எஞ்சும் கரைசலை வளவிலே ஊற்றிவிடுதல் பெரும் பிழை. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மீது அமைந்தது. நிலத்தில் விழுவது வெடிப்புகளின் வழியே விரைந்து நிலத்தடி நீரைச் சேரும். நாம் பருகுவதும் தோட்டத்துக்கு இறைப்பதும் அந்நீரே. ஆதலால் கரைசலைப் பன்முறை பயன்படுத்துங்கள். பயன் தீர்ந்ததும் நுரை அடங்கும்வரை சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் நாகத்தின் பெரும்பகுதி வெண்படிவாக அடியில் தங்கும். படிவை மூடிய போத்தலில் இட்டுக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைத்து, அபாயக் கழிவை ஏற்கும் இடத்திலே ஒப்படைக்க வேண்டும். தெளிந்த நீரையும் கிணற்றடியில் ஊற்றலாகாது.

பழையதைப் போற்றுவது நற்பண்பு. பொறுமையும் கணக்கும் அறிந்து செய்தால் ஒரு தாங்கித் தகட்டிலேயே பள்ளியில் கற்ற இரசாயனம் கண்முன் நிற்கும். தந்தையும் பிள்ளைகளும் கூடிச் செய்யத்தக்க வேலை இது. எதற்கு முலாமிடலாம், எதற்கு ஆகாது என்னும் பகுத்தறிவோடு தொடங்குங்கள். வண்டியும் நிலைக்கும், அதில் ஏறுவோரும் நலமே வீடு திரும்புவர்.