ஆண்களில் டெஸ்டோஸ்டிரோன் குறைபாடு: பரிசோதனைக்கு முன் அறிய வேண்டியவை

தொடர்ந்து சோர்வாக இருந்தாலே ஆண் ஹார்மோன் குறைந்துவிட்டது என முடிவு செய்யக் கூடாது. இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, நீரிழிவு, மனச்சோர்வு ஆகியவற்றிலும் சோர்வு ஏற்படும். பாலுணர்வுக் குறைவு, காலையில் இயல்பாக உண்டாகும் விறைப்பு குறைதல், தாடி மற்றும் உடல் முடி குறைதல், மார்பகம் பெருத்தல், குழந்தையின்மை ஆகியவை இருப்பின் மருத்துவரை அணுகுங்கள்.

எவ்வாறு சுரக்கிறது?

மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, எல்.எச். என்னும் ஹார்மோன் மூலம் விரைகளைத் தூண்டுகிறது. விரைகள் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கின்றன. எனவே, குறைபாட்டின் காரணம் இவ்விரண்டில் எங்கும் இருக்கலாம்.

இரத்தம் எப்போது கொடுக்க வேண்டும்?

• காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில் கொடுங்கள். மாலையில் அளவு இயல்பாகவே குறையும்.
• காய்ச்சல் போன்ற நோய்களின்போது தவிர்த்து, குணமடைந்த பின் கொடுங்கள்.
• முடிவு குறைவாக இருந்தால், வேறொரு நாள் காலையில் மீண்டும் பரிசோதிக்க வேண்டும். ஒரே பரிசோதனையைக் கொண்டு சிகிச்சை தொடங்கக் கூடாது.

முடிவின் பொருள் என்ன?

வயதுவந்த ஆண்களில் இயல்பு அளவு, ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 300 முதல் 1000 நானோகிராம். இது ஆய்வகத்திற்கு ஆய்வகம் மாறுபடும். இரு முறையும் குறைவாக இருந்தால் எல்.எச். அளவு பார்க்கப்படும். அது உயர்ந்திருந்தால் பாதிப்பு விரைகளில் உள்ளது. பொன்னுக்கு வீங்கி, காயம், புற்றுநோய் சிகிச்சை ஆகியவை காரணமாகலாம். உயராதிருந்தால் பிட்யூட்டரியையும் புரோலாக்டின் அளவையும் ஆராய வேண்டும். உடல் பருமனும் சில வலி நிவாரணி மருந்துகளும்கூட அளவைக் குறைக்கும்.

குழந்தை வேண்டுவோர் கவனத்திற்கு

டெஸ்டோஸ்டிரோன் ஊசி விந்தணுவைப் பெருக்கும் என்பது தவறான நம்பிக்கை. வெளியிலிருந்து ஹார்மோன் செலுத்தினால் பிட்யூட்டரியின் தூண்டுதல் குறைந்து, விந்தணு உற்பத்தி நின்றுபோகவும் கூடும். மீண்டும் தொடங்கப் பல மாதங்கள் ஆகலாம். உடற்பயிற்சிக் கூடங்களில் தரப்படும் ஸ்டீராய்டு ஊசிகளுக்கும் இது பொருந்தும். குழந்தைப்பேறு விருப்பத்தை மருத்துவரிடம் முதலிலேயே தெரிவியுங்கள். அதற்கேற்ற வேறு சிகிச்சைகள் உள்ளன.

குடும்பத்தினருக்கு

கூச்சத்தால் பல ஆண்கள் மருத்துவரிடம் வரத் தயங்குகின்றனர். இது ஆண்மைக்கு இழுக்கன்று, ஒரு சுரப்பியின் குறைபாடு என்பதை எடுத்துக்கூறி உடன் வாருங்கள். உட்கொள்ளும் அனைத்து மருந்துகளையும், புரதப் பொடிகளையும் கொண்டு வாருங்கள். தொடர் தலைவலி, பார்வை மங்கல், மார்புக்காம்பில் பால் கசிவு ஆகியவை தென்பட்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.