ஆத்தூர் வட்டாரக் குச்சிக்கிழங்கில் இலைநோய் அறிதல்: ஆழ்கற்றலின் பயனும் எல்லையும்

ஆய்வுச்சுருக்கம்

இலையின் ஒளிப்படத்தைக் கொண்டு பயிர்நோயை இனங்காணும் ஆழ்கற்றல் முறை மரவள்ளிப் பயிரில் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. அம்முறை இயங்கும் விதத்தையும், ஆப்பிரிக்கப் படங்களில் பயின்ற மாதிரி ஆத்தூர் வட்டார வயல்களில் எங்கே பிழைபடக்கூடும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மரவள்ளி, தேமல் நோய், மாவுப்பூச்சி, ஆழ்கற்றல், தரவுத்தொகுப்பு

முன்னுரை

சேலம் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், வசிட்ட நதி பாயும் ஆத்தூர் வட்டாரத்தில், மரவள்ளி முதன்மையான பணப்பயிர்களுள் ஒன்று. உழவர் இதனைக் குச்சிக்கிழங்கு என்பர். தண்டை வெட்டிய குச்சியையே நட்டு வளர்ப்பதால் அப்பெயர் இப்பயிருக்கு நன்கு பொருந்துகிறது. இக்கிழங்கு சேகோ ஆலைகளில் மாவாகவும் ஜவ்வரிசியாகவும் மாறுகிறது. சேலம் ஜவ்வரிசி 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆத்தூரை அடுத்த ஏத்தாப்பூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது.

இப்பயிரின் பெருநோய் தேமல். தோலில் படரும் நிறமாற்றத்தைக் குறிக்கும் அதே சொல்லை இலைக்கும் வழங்கியிருப்பது நோயின் தோற்றத்தை நன்கு உணர்த்துகிறது. வெளிர்மஞ்சள் திட்டுகள் தோன்றி, இலை கோணலாகிச் சிறுத்துப்போகும். இந்தியாவில் இதற்குக் காரணமானவை இந்திய மரவள்ளித் தேமல் வைரசும் இலங்கை மரவள்ளித் தேமல் வைரசும் ஆகும். இவை வெள்ளை ஈயாலும், அதனினும் முக்கியமாக நோயுற்ற நடவுக் குச்சியாலும் பரவுகின்றன.

வலையமைப்பு கற்கும் முறை

ஒளிப்படம் கணினிக்கு எண்களின் அடுக்கு மட்டுமே. சுருளல் நரம்பு வலையமைப்பு அவ்வெண்களின் மீது சிறு வடிகட்டிகளை நகர்த்திச் செல்கிறது. முதல் அடுக்குகள் விளிம்பு, நிறமாற்றம் ஆகியவற்றை உணர்கின்றன. அடுத்தடுத்த அடுக்குகள் திட்டு, சுருக்கம், நரம்பமைப்பு எனக் கூட்டு வடிவங்களை உருவாக்குகின்றன. எந்த வடிவம் நோய்க்குரியது என்பதை நாம் கூறுவதில்லை. பெயரிடப்பட்ட படங்களைக் காட்டுகிறோம்; விடை பிழையாகுந்தோறும் வடிகட்டியின் எண்கள் சிறிது சிறிதாகத் திருத்தப்படுகின்றன.

ஆகவே, வலையமைப்பு கற்பது நோயையா, நோயுடன் தற்செயலாக வந்த வேறொன்றையா என்ற ஐயம் எப்போதும் உண்டு. 'பிளான்ட்வில்லேஜ்' தொகுப்பின் 54,306 படங்களைக் கொண்டு மொகந்தி, ஹியூஸ், சலாத்தே ஆகியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வில் துல்லியம் 99.35 விழுக்காடு. அதே ஆய்வில், வேறிடத்தில் எடுத்த படங்களைக் காட்டியபோது அது ஏறத்தாழ 31 விழுக்காடாகச் சரிந்தது. பின்னர் 2022இல் நோயான் செய்த சோதனை இன்னும் வியப்பளிப்பது. இலையை விட்டுவிட்டுப் பின்புலத்தின் எட்டே படப்புள்ளிகளைக் கொடுத்தும் 38 வகைகளுள் சரியானதை 49 விழுக்காடு கண்டறிய முடிந்தது. முதல் எண்ணை மட்டும் மேற்கோள் காட்டி இரண்டாவதை விட்டுவிடும் கட்டுரைகள் இன்றும் குறையவில்லை.

மரவள்ளிக்குக் கிடைக்கும் தரவு

மரவள்ளிக்கெனப் பொதுவெளியில் பரவலாகப் பயன்படுவது உகாண்டாவின் மக்கெரேரே பல்கலைக்கழகத்தார் தொகுத்து, 2020 இறுதியில் 'காகிள்' போட்டிக்கு அளித்த 21,000க்கு மேற்பட்ட வயற்படங்களாகும். அவற்றின் வகைகள் ஐந்து: பாக்டீரியா இலைக்கருகல், பழுப்புக் கோட்டு நோய், பச்சைச் சிலந்திப்பேன் தாக்குதல், தேமல், நலமான இலை. இவற்றுள் தேமல் மட்டும் 13,000க்கு மேல். எப்படத்தைக் காட்டினும் "தேமல்" என்றே சொல்லும் மாதிரிகூட 60 விழுக்காட்டுக்கு மேல் மதிப்பெண் பெறும். முதலிடம் பெற்ற மாதிரி எட்டியது 91 விழுக்காட்டைச் சற்றே கடந்த துல்லியம். இவ்விரு எண்களையும் அருகருகே வைத்தே ஒரு மாதிரியை மதிப்பிட வேண்டும்.

ஆத்தூர் வயலில்

அவ்வைந்தனுள் பழுப்புக் கோட்டு நோய் கிழக்கு ஆப்பிரிக்காவின் பெருந்துயர். நம் வயல்களின் சிக்கல் அன்று. மாறாக, நம் வயல்களில் உள்ள ஒன்று அப்பட்டியலில் இல்லை. 2020இல் கேரளத்தில் முதலில் அறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி விரைவில் சேலம், நாமக்கல் பகுதிகளிலும் பரவியது. அது தாக்கிய செடியின் நுனி குறுகி, இலைகள் கொத்தாகச் சுருண்டு நிற்கும். இதனைக் கட்டுப்படுத்த அயல்நாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட 'அனாகிரஸ் லோபெசி' என்னும் ஒட்டுண்ணிக் குளவி 2022இல் ஏத்தாப்பூரில் வயலில் விடப்பட்டது.

ஐந்து வகை கற்ற வலையமைப்பிடம் அத்தகைய கொத்துநுனியின் படத்தைக் காட்டினால் அது "அறியேன்" என்று சொல்லாது. அதன் இறுதி அடுக்கு ஐந்து நிகழ்தகவுகளின் கூட்டுத்தொகை ஒன்றாகுமாறு அமைந்தது. எனவே ஐந்தில் ஒன்றை, ஒருவேளை மிகுந்த உறுதியுடனேயே, அது கூறிவிடும். சுருங்கிய இலையைத் தேமல் எனக் கொள்ள வாய்ப்புண்டு. அதை நம்பி வெள்ளை ஈக்கென மருந்து தெளித்தால், மாவுப்பூச்சியை ஒழிக்க விடப்பட்ட குளவிகளே முதலில் மடியும். நரம்பிடை மஞ்சளாகும் இரும்புச்சத்து, துத்தநாகக் குறைபாடுகளுக்கும் இவ்வாறே தவறான விடை வரக்கூடும். அங்குத் தேவைப்படுவது நுண்ணூட்டம் மட்டுமே.

படம் எடுக்கும் காலம்

தேமல் கண்ட செடியைக் குணப்படுத்த மருந்தில்லை. ஆகவே, நோயறிந்ததன் பயன் பெரிதும் அடுத்த பருவத்திற்கு எந்தச் செடியிலிருந்து குச்சி வெட்டுவது என்னும் முடிவில்தான் உள்ளது. இங்கே காலம் குறுக்கிடுகிறது. வெப்பம் மிகும்போது தேமல் அறிகுறிகள் மங்கும். புதிய இலைகள் நலமானவைபோலத் தோன்றும். வைரசு தண்டில் இருந்துகொண்டே இருக்கும். முதிர்ந்த செடியில் இலையுதிர்வும் சேர்ந்துகொள்கிறது. அறுவடை நாளில் எடுத்த படத்தை நம்பிக் குச்சி தெரிவு செய்வது, எவ்வளவு துல்லியமான மாதிரியாயினும், நோயை அடுத்த நடவுக்குக் கடத்துவதாகவே முடியும். நட்ட சில மாதங்களுக்குள், அறிகுறி தெளிவாக உள்ளபோது படமெடுத்து, நோயுற்ற செடிக்கு வயலிலேயே அடையாளமிட்டு வைப்பதே பொருத்தம். அறிகுறியற்ற செடிகளுள்ளும் ஒரு பகுதியைப் பி.சி.ஆர். சோதனைக்கு உட்படுத்த வேண்டும். படத்திற்குப் பெயரிடுபவர் கண்ணால் காணாததை வலையமைப்பும் காணாது.

இவ்வட்டாரத்திற்கெனத் தொகுப்பு ஒன்றை உருவாக்குவோர் மாவுப்பூச்சி, செம்பேன், ஊட்டக்குறைபாடு ஆகியவற்றைத் தனி வகைகளாகச் சேர்ப்பது இன்றியமையாதது. பயிற்சிக்கும் சோதனைக்கும் ஒரே வயலின் படங்களைப் பிரித்து வைத்தல் போதாது. தலைவாசலில் பயின்ற மாதிரியைக் கெங்கவல்லியில் சோதித்து, அந்த எண்ணையே துல்லியமென அறிவிக்க வேண்டும்.