மூக்கு லாரி கற்றுத் தந்த பாடம்

1970களில் நாங்கள் மண்டித் தொழிலுக்கு வந்தபோது வாசலில் நின்றவை மூக்கு நீண்ட 'பென்ஸ்' லாரிகளே. 1954-ல் டாடா நிறுவனம் ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸுடன் கூட்டுச் சேர்ந்தது. 1969-ல் ஒப்பந்தம் முடிந்து, முகப்பில் நட்சத்திரம் போய் 'டி' எழுத்து வந்தது. ஆனாலும் நம்மவர் வாயில் அது பென்ஸ் லாரிதான்.

ஒரு மழை இரவில் தார்ப்பாய் கிழிந்து எங்கள் சர்க்கரை 12 மூட்டை நனைந்தது. பாராமல் ரசீதில் கையெழுத்திட்டு லாரியை அனுப்பிவிட்டோம், நஷ்டம் எங்களுக்கே. அன்று முதல் டிரைவர் முன்னிலையில் மூட்டைகளை எண்ணி, குறைவோ நனைவோ இருந்தால் ரசீதிலேயே எழுதிய பிறகுதான் கையெழுத்து.

மூக்கு லாரி மறைந்தது. வியாபாரிகளே, இந்த வழக்கம் மறைய வேண்டாம்!